மால்டாவின் பழைய நகரங்களில் நடந்தவர்களே, இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் இடம் எது?

நடராஜா சர்வீஸ்:
சாந்தா லூச்சியா தெருவின் கீழ்ப்பாதி. தலைநகர் வலேட்டா தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

வரைபடத்தில் ஊர் சதுரங்கப் பலகை. நகர வாசலிலிருந்து செயின்ட் எல்மோ கோட்டை வரை ஏறக்குறைய 1 கி.மீ., குறுக்கே 600 மீட்டர் சொச்சம். அரை நாளில் அளந்துவிடலாம் என்று தோன்றும். பலகைக்கு அடியில் ஷிபெராஸ் குன்று அப்படியே படுத்திருப்பதை வரைபடம் காட்டாது. 1566-ல், அப்போது தீவை ஆண்ட செயின்ட் ஜான் சபை வீரர்கள் அடிக்கல் நாட்டியபோது குன்றின் தலையைச் சீவிச் சமப்படுத்துவதாகத்தான் திட்டம். முந்தைய ஆண்டு முற்றுகையிட்ட ஒட்டோமான் படை மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தில் அதைப் பாதியில் விட்டுவிட்டு மதில் எழுப்பப் போய்விட்டார்கள். அந்த அவசரத்துக்கு இன்றைக்கும் முழங்கால்தான் வட்டி கட்டுகிறது. நீளத் தெருக்கள் பாதி தூரம் சமமாகப் போய்க் கோட்டைப் பக்கம் சரியும். குறுக்குத் தெருக்கள் இரண்டு துறைமுகங்களையும் நோக்கிப் படிபடியாக விழும்.

படியின் நடுப்பகுதி ஆட்டுக்கல் குழி மாதிரி தேய்ந்திருக்கும். மழை பெய்தால் நீர் அங்கேதான் நிற்கும். வீட்டுச் சுவர்களுக்கு வைக்கும் மஞ்சள் கல்லான ஃப்ராங்கா மெத்தென்றது, தேய்ந்தால் மாவாக உதிரும். மிதிபடும் இடங்களில் பெரும்பாலும் போடுவது கெட்டியான பவளச் சுண்ணாம்புக்கல். கெட்டியான கல்தான் பளபளப்பேறும், பளபளப்பேறினால்தான் வழுக்கும். கோடை முழுக்கப் படிந்த தூசியோடு வருடத்தின் முதல் மழை சேரும்போதுதான் மோசம். சுவரோரமாக, பாதத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி இறங்குங்கள். மலையேறும் பூட்ஸின் முரட்டுப் பற்கள் இங்கே பிடிக்காது. மெல்லிய ரப்பர் அடி உள்ள சாதாரண கேன்வாஸ் ஷூ அதைவிடத் தேவலை.

கோட்டைக்கொத்தன்:
அந்தப் படிகள் அவ்வளவு தாழ்வாக இருப்பதற்குக் காரணமே வேறு. இரும்புக் கவசம் போட்ட வீரர்களால் காலைத் தூக்க முடியாது, அதனால்தான். அங்கே எல்லா வழிகாட்டிகளும் சொல்லும் விஷயம் இது.

நடராஜா சர்வீஸ்:
வழிகாட்டி சொன்னதால் மட்டும் வரலாறாகிவிடாது, நண்பரே. வீரர்கள் நாள் முழுக்கக் கவசத்தோடு ஊரைச் சுற்றவில்லை. சரிவு எவ்வளவோ அதற்கேற்ற படி, அவ்வளவுதான். ஒரே தெருவில் மேலே தாழ்ந்த அகலப் படியும் கீழே செங்குத்துப் படியும் இருப்பதை எந்தக் கவசத்தை வைத்து விளக்குவீர்கள்?

உப்புக்காற்று:
படிச் சண்டை நடக்கட்டும். எனக்கு ஓவியத்துக்குள் இருக்கும் ஒரு கையெழுத்து.

செயின்ட் ஜான் இணைப் பேராலயத்தின் பக்கக் கூடத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1608-ல் வரைந்த திருமுழுக்கு யோவானின் தலைவெட்டு. அகலம் 5 மீட்டருக்கு மேல். அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் இதுதான். அதையும் எங்கே போட்டிருக்கிறார் என்றால், கழுத்திலிருந்து தரையில் வழியும் ரத்தத்தில். கூட்டம் முழுக்க நடுவில் நின்று வாளையும் முகத்தையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. கண்ணைக் கீழ் விளிம்புக்கு இறக்கினால்தான் ரத்தம் எழுத்தாவது தெரியும். சிறை ஜன்னல் இருக்கும் வலப்பக்கம் பாதிப் படம் கிட்டத்தட்ட வெறுமை. அந்த வெறுமைதான் திரும்பத் திரும்ப இழுக்கிறது.

உள்ளே போக: தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். கூரான குதிகால் செருப்புக்கு அனுமதி இல்லை. காரணம் மரியாதை மட்டுமல்ல, தரை முழுக்க 400 போலப் பல நிறப் பளிங்குக் கல்லறைக் கற்கள், எல்லாம் பதிகல் வேலை. ஒரு குதிகால் போதும், ஒரு துண்டு பெயர. ஞாயிற்றுக்கிழமை சுற்றிப் பார்க்கத் திறப்பதில்லை.

பழைய சாவி:
பேராலயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். துறைமுகத்தின் எதிர்க்கரையில் இருக்கும் பிர்குவை யாரும் சொல்லவில்லையே? வலேட்டா பிறக்கும் முன்பு, 1530-ல் வந்திறங்கிய வீரர்கள் குடியேறிய ஊர் அதுதான். கொல்லாக்கியோ என்பது அவர்கள் வாழ்ந்த பகுதி, இன்றும் ஆள் சந்தடி குறைந்த சந்துகள். அங்கே சில தெருக்களுக்குக் காற்றின் பெயர். ட்ராமுந்தானா என்றால் வடகாற்று, மய்யிஸ்ட்ரால் என்றால் வடமேல் காற்று. நம்மூரில் வாடை வீதி, கொண்டல் வீதி என்று வைத்தால் எப்படி இருக்கும்! அந்த நீல ஓட்டுப் பலகையைப் பார்த்துவிட்டுக் காற்று நிஜமாகவே எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று நின்று யோசிக்காதவர் இருக்க முடியாது.

அடுத்த முனையான செங்லியாவில் நேராக நுனிக்குப் போய்விடுங்கள். அங்கே துறைமுகத்தின் மேல் தொங்கும் சிறு காவல்கூட்டில் ஒரு கண்ணும் ஒரு காதும் செதுக்கியிருக்கும். பார்க்கிறோம், கேட்கிறோம் என்று பொருள். ஊரின் உட்பகுதியில் பழமையைத் தேடினால் ஏமாற்றம்தான். 1941 ஜனவரியில் இல்லஸ்ட்ரியஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலைக் குறிவைத்து விழுந்த குண்டுகளில் அங்கே வீடுகள் நொறுங்கின. பாதிக்கு மேல் பிறகு கட்டியவை.

சும்மா வந்தேன்:
யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்லிடறேன். இந்தியாவுல இருந்து போறவங்க ஷெங்கன் விசாவுலதான் போகணும், மால்டாவுக்குன்னு தனியா கிடையாது. பிளக் பிரிட்டிஷ்காரங்களோட சதுர மூணு பின். நம்ம உருண்டைப் பின் நுழையாது, மற்ற ஐரோப்பாவுக்கு வாங்கின ரெண்டு பின் அடாப்டரும் நுழையாது. இதுல ஏமாறாதவங்க குறைச்சல். சாலை நம்மள மாதிரி இடப்பக்கம்.

பஸ்ஸுல ஒரு டிக்கெட் எடுத்தா 2 மணி நேரம் செல்லும், வேற வண்டி மாறிக்கலாம். நிறைய ரூட் வலேட்டா வாசல்ல ட்ரிட்டன் நீரூற்றைச் சுத்தித்தான் கிளம்பும். பேரு படிக்கிறதுதான் தொல்லை. 'எக்ஸ்' எழுத்தை 'ஷ' என்று சொல்லணும். 'க்யூ' எழுத்து வந்தா அதைத் தொண்டையில முழுங்கிடணும். அதனால தெருன்னு அர்த்தம் வர்ற 'ட்ரிக்' காதுல 'ட்ரீ' மாதிரிதான் விழும். சந்துக்கு எழுதறது 'ஸ்காக்', வாயில வர்றது 'ஸ்ஆ'. பலகையில அந்த வார்த்தை இருந்தா அனேகமா முட்டுச்சந்து, உள்ள போகாதீங்க.

வெயிலுக்கு: வலேட்டாவோட நீளத் தெருவெல்லாம் தென்மேற்குல ஆரம்பிச்சு வடகிழக்கா ஓடுது. வாசல்ல இருந்து கோட்டைப் பக்கம் நடக்கறப்போ காலையில நிழல் வலது சுவரோரம், சாயங்காலம் இடது சுவரோரம். உச்சி வேளையில ரெண்டு பக்கமும் இல்லை, அப்போ ஏதாவது மியூசியத்துக்குள்ள நுழைஞ்சிடுங்க. பசிச்சா பஸ்தித்சி: ஒண்ணு ரிக்கோட்டா பாலாடைக்கட்டி வச்சது, இன்னொண்ணு பட்டாணி வச்சது. பட்டாணி வச்சது நம்ம நாக்குக்குச் சட்டுனு ஒட்டும். உள்ளே கொதிச்சுக்கிட்டு இருக்கும், உடனே கடிக்காதீங்க. இன்னொண்ணு, குழாய்த் தண்ணி பெரும்பாலும் கடல் தண்ணியில உப்பு எடுத்தது, குடிக்கலாம், ருசிதான் சுமார்.

முட்டுச்சந்து ரசிகை:
மேலே சொன்னவர் "உள்ள போகாதீங்க" என்கிறார். அது வலேட்டாவுக்குச் சரியாக இருக்கலாம். தீவின் பழைய தலைநகரான இம்டினாவில் முட்டுச்சந்துதான் ஊரே.

பகல் 10 மணிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிட்டால் 1724-ல் கட்டிய வாசல் பாலத்தில் நெரிசல். எல்லாரும் வில்கென்யோன் தெருவைப் பிடித்து நேராகப் போய், ஐந்து நிமிடத்தில் கொத்தளச் சதுக்கத்தில் நின்று படம் எடுத்துவிட்டு, அதே வழியில் திரும்புகிறார்கள். வாசலைத் தாண்டியதும் அந்தத் தெருவை விட்டு ஏதாவது ஒரு பக்கம் விலகினால் போதும். 300 பேர்கூட வசிக்காத ஊர். வெளி வண்டிகளுக்கு இடமில்லை. தெரு வளைந்துகொண்டே போவதால் இருபது அடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. உறுத்துவது அந்த வளைவுக்குப் பின்னால் கேட்கும் காலடிச் சத்தம். ஆள் வரவே மாட்டார், சத்தம் மட்டும் சுவர்களில் பட்டுப் பட்டு நெருங்கும், பிறகு வேறெங்கோ திரும்பிவிடும்.

எதிரி எய்யும் அம்பு நேராகப் போகாமலிருக்கத்தான் தெருக்களை வளைத்தார்கள் என்பார்கள். (கவசக்காரர் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.) வெயிலையும் காற்றையும் மறிக்க அரபு ஊர்களில் தெருக்கள் இப்படித்தான் இருக்கும். இம்டினா என்ற பெயரே மதீனாதான், அரபியில் நகரம் என்று பொருள். ரோமர் காலத்து மெலித்தே இதைவிடப் பெரிய ஊர். பின்னால் சுருக்கி அகழி வெட்டியபோது வெளியே தள்ளப்பட்ட பகுதி ரபாத் ஆயிற்று. அகழிக்கு வெளியே ரோமர் வீடு ஒன்று அருங்காட்சியகமாக நிற்பது அதனால்தான். முதலில் அதைப் பார்த்துவிட்டு வாசலுக்குள் நுழைந்தால் அளவு புரியும்.

பேராலயத்தில் இரண்டு கடிகாரங்கள். ஒன்று மணி காட்டும், மற்றது தேதி. இரண்டாவதைப் பார்த்துக் கைக்கடிகாரத்தைத் திருத்தாதீர்கள்.

கோட்டைக்கொத்தன்:
சேர்த்துக்கொண்டேன், நன்றி. ஆனால் சாயங்காலம்தான் போக வேண்டும், காலையில் போய் என்ன பயன்? விளக்கு ஏற்றிய பிறகுதான் இம்டினா.

முட்டுச்சந்து ரசிகை:
விளக்கு அழகுதான். பேராலயமும் அருங்காட்சியகமும் மூடியிருக்கும், அவ்வளவுதான். 9 மணிக்கு முன் வாசலுக்குள் இருந்தால் இரண்டும் கிடைக்கும்.

உப்புக்காற்று:
பிர்குவுக்குப் போகும் வழியை யாரும் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். மேல் பராக்கா தோட்டத்துக்கு 11:45-க்குள் போய்விடுங்கள். கீழ்த்தட்டில் 12 மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள், மாலை 4 மணிக்கும் உண்டு. மேலிருந்து பார்க்கக் காசு இல்லை. கைக்குழந்தை இருந்தால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். சத்தம் எதிர்க்கரை மதிலில் மோதித் திரும்பி வரும். முடிந்ததும் தோட்டத்து மூலையில் இருக்கும் லிஃப்ட், 58 மீட்டர் ஒரே இறக்கம். கீழே அகழியைக் கடந்து சாலைக்கு வந்தால் படகுத்துறை. ஃபெரி பக்கத்து ஊரான போர்ம்லாவில் இறக்கிவிடும், அங்கிருந்து கரையோரமாக நடந்தால் பிர்கு. டைசா என்ற சிறு வண்ணப் படகில் போனால் பிர்குவுக்கே நேராக விடுவார்கள். அலை இருந்தால் ஓட்டமாட்டார்கள், திரும்ப ஃபெரிதான்.

நடராஜா சர்வீஸ்:
லிஃப்ட்டில் இறங்கும்போது யாரும் டிக்கெட் கேட்க மாட்டார்கள், ஏறும்போதுதான். ஃபெரி டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அதைக் காட்டினால் லிஃப்ட்டுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டியதில்லை. போட்டுவிட்டால் இருக்கவே இருக்கிறது சாந்தா லூச்சியா படி.