பழைய படத்தைப் பெரிய பிரிண்ட் போட்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

அப்பாவின் படம் ஒன்றை 24×36 அங்குலத்தில் பிரிண்ட் போட வேண்டியிருந்தது. எடுத்தது பழைய 6 மெகாபிக்சல் கேமரா, கோப்பில் 2000×3008 பிக்சல்தான். கணக்குப் போட்டால் அங்குலத்துக்குச் சுமார் 83 பிக்சல் வருகிறது. 300 இல்லாவிட்டால் தொடவே கூடாது என்பார்கள். அந்த 300 கையில் பிடித்துப் பார்க்கும் படத்துக்கான கணக்கு. ஆறடி தள்ளி நின்றால் நல்ல பார்வை உள்ள கண்ணுக்கே சுமார் 50 போதும். அதனால் துணிந்து இறங்கினேன்.

முதலில் ஏஐ மென்பொருளில் நான்கு மடங்கு பெரிதாக்கினேன். திரையில் பளிச்சென்று இருந்தது. அம்மா பார்த்துவிட்டு, "இது யாரோ மாதிரி இருக்குடா" என்றார். உண்மைதான். கண்ணோரச் சுருக்கங்களை வழித்துவிட்டு, அசலில் இல்லாத இமைமுடிகளை வரைந்திருந்தது. வேறு எத்தனையோ படங்களிலிருந்து கற்றதை வைத்து இட்டு நிரப்பும் வேலை அது. பாறைக்கும் மரப்பட்டைக்கும் சரி. நமக்குத் தெரிந்த முகத்துக்கு வேண்டவே வேண்டாம்.

அப்புறம் ஃபோட்டோஷாப்பில் பைக்யூபிக் முறைக்கு வந்தேன். சுற்றியுள்ள 16 பிக்சல்களைப் பார்த்துப் புதிய பிக்சலைக் கணிக்கிறது. கொஞ்சம் மென்மையாக வரும், ஆனால் முகம் முகமாகவே இருக்கும். மேலே லேசாகக் கிரெயின் (ஃபிலிம் படங்களில் தெரியும் பொடிப் புள்ளிகள்) தூவியதும் அந்த மழமழப்பு போய்விட்டது. முழுப் படத்தையும் போடுவதற்கு முன், கண்ணும் மூக்கும் வரும் பகுதியை மட்டும் வெட்டி, இறுதி அளவிலேயே சின்னக் காகிதத்தில் எடுத்துச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். திரையில் 100 சதவீதத்தில் உறுத்திய எதுவும் அந்தத் துண்டில் தெரியவில்லை.

*

கிரெயின் யோசனை அருமை. எனக்கு வந்த படம் வாட்ஸ்அப்பில் சுற்றிய ஜேபெக். பெரிதாக்கினால் வானம் முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது, அழுத்திச் சுருக்கினால் அந்தக் கட்டங்கள் தெரிய ஆரம்பிக்கும், படத்தைப் பெரிதாக்கினால் அவையும் சேர்ந்து பெரிதாகும். எடுத்தவரிடம் கேட்டு அசல் கோப்பை வாங்கியதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இன்னொன்று, ஷார்ப்பன் செய்வது, அதாவது விளிம்புகளைக் கூர்மையாக்குவது, கடைசியில்தான். முன்னாலேயே செய்தால் விளிம்பில் விழும் வெள்ளைக் கோடு படத்தோடு சேர்ந்து தடிக்கும்.

*

தூரக் கணக்கில் ஒரு விதிவிலக்கு: குழுப் படம். எங்கள் வகுப்புப் படத்தைப் பெரிதாகப் போட்டு மாட்டினோம். ஒருவர்கூடத் தள்ளி நிற்கவில்லை. எல்லோரும் நேரே போய்த் தங்கள் முகத்தைத்தான் தேடினார்கள், அரையடி தூரத்தில். அந்த மாதிரிப் படத்துக்கு அங்குலத்துக்கு 200 பிக்சலாவது இல்லையென்றால் பிரிண்ட் அளவைக் குறைத்துவிடுவேன். காகிதமும் மேட்தான். பளபளப்புக் காகிதம் சின்னக் குறையைக்கூடக் காட்டிக்கொடுத்துவிடும்.