செஜாரா வகுப்பில் நடந்தவை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

தோட்டத்துப் பேரன்:

மலேசியப் பள்ளியில் மூன்றாம் படிவத்தில் எங்களுக்கு செஜாரா, அதாவது வரலாற்றுப் பாடம், எடுத்தவர் கெடாவிலிருந்து மாற்றலாகி வந்த மலாய் ஆசிரியர். ஜப்பானிய ஆட்சிப் பாடம் வந்தபோது புத்தகத்தைத் திறக்கவே விடவில்லை. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம்தான் பாடம் என்று சொல்லிவிட்டார்.

பாட்டியிடம் உட்கார்ந்தேன். முதலில் மரவள்ளிக்கிழங்கைப் பற்றித்தான் பேசினார். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் மூன்று வேளையும் அதையே அவித்துத் தின்றார்களாம். (பாட்டி இருந்தவரை எங்கள் வீட்டு அடுப்பில் அந்தக் கிழங்கு ஏறியதில்லை. காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது.) பிறகு வாழைமர நோட்டு. ஜப்பான்காரன் பத்து வெள்ளி (டாலர்) தாளில் வாழைமரம் போட்டு இஷ்டத்துக்கு அச்சடித்து, கடைசியில் அந்தப் பணத்துக்கு எதுவுமே வாங்க முடியாமல் போனது.

தாத்தாவின் அண்ணன் பேச்சு அதற்கப்புறம்தான் வந்தது. சயாமில் ரயில்பாதை போட ஆள் எடுத்தார்கள். சீக்கிரம் திரும்பிவிடலாம், சம்பளமும் நல்ல சம்பளம் என்று சொல்லித் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிப் போனார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியுசயாட் வரை ஏறக்குறைய 415 கிலோமீட்டர். 1942, 43இல் போட்ட பாதை. காலராவிலும் பட்டினியிலும் அங்கே செத்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில். பாட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "போனாரு, வரல" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் வகுப்பில்தான் வேடிக்கை. ஒரே ஆட்சி, ஆனால் வீட்டுக்கு வீடு வேறு கதை. சீனத் தோழி ஒருத்தியின் உறவினர் சிங்கப்பூரில் இருந்தவர். 1942 பிப்ரவரியில் ஊர் விழுந்த கையோடு சீன ஆண்களை வரிசையில் நிறுத்திப் பிரித்தெடுத்தபோது போனவர்களில் அவரும் ஒருவர். பக்கத்து மேசை மலாய்ப் பையனின் தாத்தாவோ பள்ளியில் கற்றுக்கொடுத்த ஜப்பானியப் பாட்டை இன்னமும் முழுசாகப் பாடுவாராம். எல்லாரும் சொல்லி முடித்தபிறகு ஆசிரியர், "எங்கள் ஊரில் 1943க்கு அப்புறம் சயாம்காரன் நிர்வாகம்" என்றார். கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு நான்கு மாநிலங்களையும் ஜப்பான் தாய்லாந்துக்குக் கொடுத்திருக்கிறது. தீபகற்பத்தில் இருந்துகொண்டே எங்களில் ஒருத்தருக்கும் அது தெரியாது.

அப்புறம் புத்தகத்தைத் திறந்தோம். அந்தப் பாடம் அரைமணி நேரத்தில் முடிந்தது.

சிவப்பு ஐசி பேத்தி:

கொடுத்து வைத்தவர் நீங்கள். எங்களுக்கு வாய்த்தது மனப்பாடம்தான். தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளிக்கு முன் மலாய் பழக்கும் புகுமுக வகுப்பு முடித்து வந்த எனக்கு மலாய் தட்டுத்தடுமாறும். "மலாயன் யூனியன் ஏன் எதிர்க்கப்பட்டது?" என்றால் (போருக்குப் பின் பிரிட்டிஷார் மலாயாவில் கொண்டுவந்த ஆட்சி அமைப்பு அது) மடமடவென்று ஒப்பிப்பேன். சுல்தான்களின் அதிகாரம் பறிபோனது, பிரிட்டிஷ் தூதர் மெக்மைக்கேல் மிரட்டிக் கையெழுத்து வாங்கினார், வந்தவர்களுக்கெல்லாம் தாராளமாகக் குடியுரிமை. இதில் மூன்றாவது காரணத்தில் "வந்தவர்கள்" யார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அம்மாவைப் பெற்ற தாத்தா சாகும்வரை சிவப்பு அடையாள அட்டைதான் வைத்திருந்தார். நிரந்தரவாசி, குடிமகன் இல்லை. 1946 ஏப்ரலில் வந்த அந்த மலாயன் யூனியன் 1948 பிப்ரவரியில் போய்விட்டது. பின்னால் வந்த கூட்டரசு ஒப்பந்தத்தில் குடியுரிமை விதிகள் இறுகின. நான் மார்க்குக்காக ஒப்பித்த அந்த மூன்றாவது காரணத்தில் எங்கள் தாத்தாவும் இருந்தார். வேலைக்குப் போய் வெகுநாள் கழித்து, அவருடைய காகிதங்களைப் புரட்டும்போதுதான் இது உறைத்தது. வகுப்பில் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இப்போதைய பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கடி. 2013இலிருந்து செஜாராவில் தேறினால்தான் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வுச் சான்றிதழ்.

இப்போது சிக்கு:

நான் கரும்பலகைப் பக்கம் நிற்கிறவள் (சிக்கு என்றால் மலாயில் ஆசிரியர்), அதனால் இரண்டு பேருக்கும் பதில் சொல்லத் தோன்றுகிறது. பாடத்திட்டத்தை முடிக்கிற ஓட்டத்தில் வீட்டுக்கதைக்கு இடமே கிடைப்பதில்லை. சாக்கு இல்லை, நிலவரம் அதுதான். தேசிய உணர்வின் எழுச்சி பாடத்தில் மட்டும் நான் ஒரு சின்னத் திருட்டு செய்வேன். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் 1941இல் நடந்த வேலைநிறுத்தத்தை நடுவில் நுழைத்துவிடுவேன்.

கிள்ளான் இந்தியர் சங்கத் தலைவர் ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்தியது அது. சீனத் தொழிலாளிக்குச் சமமான சம்பளம் வேண்டும், தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடவேண்டும் என்று கேட்டார்கள். இன்னொரு கோரிக்கையும் இருந்தது. துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கிற வழக்கத்தை ஒழிக்கவேண்டும். இதைச் சொன்னதும் கடைசி வரிசை விழித்துக்கொள்ளும். போன வருஷம் ஒரு மலாய்ப் பையன், "இறங்காமல் போனால் என்ன செய்வார்கள் சிக்கு?" என்று கேட்டான். அவ்வளவுதான், மணி அடிக்கும்வரை அதே பேச்சு. நாதனைக் கைதுசெய்து இந்தியாவுக்கு அனுப்பியது, பட்டாளத்தை இறக்கிச் சுட்டது எல்லாம் அதில் வந்துவிடும். தேர்வில் வராது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள்!

அந்த வேலைநிறுத்தத்தில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், வீட்டில் பேசிக்கொண்டதை எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்ட வேண்டும்.