விண்ணப்பிக்காமலே கணக்கில் ஏறிய கொரோனா நிவாரணம்: திருப்பிக் கேட்பார்களா?

கேட்டவர் (மே 2021): அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஒரு சின்ன கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) இருக்கிறேன். பக்கத்துப் பண்ணைப் பெரியவருக்கு வாரக்கடைசியில் கணக்கு எழுதித் தருகிறேன். போன மாதத்திலிருந்து அவர் வங்கிக் கணக்கில் வேளாண் துறையிடமிருந்து 2,098.50 டாலர், 2,800 டாலர் என்று இரண்டு தொகைகள் வந்திருக்கின்றன. இந்த வருடம் எந்தப் படிவமும் அவர் போடவில்லை. போன வருடம் விவசாயிகளுக்கான கொரோனா உணவு உதவித் திட்டத்தின் இரண்டு சுற்றிலும் நிவாரணம் வாங்கியது உண்மை. முதல் சுற்றில் மாடு எதையும் விற்கவில்லை, இருப்புக்கு மட்டும்தான் பணம். 600 பவுண்டு எடைக்கு மேல் 62 ஃபீடர் மாடுகள் (இறைச்சிக்காகக் கொழுக்க வளர்ப்பவை), 30 தாய்ப்பசுக்கள். மக்காச்சோளம் 140 ஏக்கர். தவறாக வந்திருந்தால் திருப்பிக் கேட்பார்களே என்று மனிதர் பணத்தைத் தொடவே பயப்படுகிறார்.

மறுமொழி 1: முதல் சுற்றில் 80 சதவீதம்தானே முதலில் கொடுத்தார்கள். மீதி 20 சதவீதமாக இருக்கும்.

கேட்டவர்: நானும் அப்படித்தான் நினைத்தேன், கணக்கு இடிக்கிறது. 92 தலைக்கு 33 டாலர் வீதம் 3,036. அதில் 20 சதவீதம் 607.20. அது போன ஆகஸ்டிலேயே வந்துவிட்டது.

மறுமொழி 2: 2,098.50-ஐ 92-ஆல் வகுத்தால் வராது, மாட்டு வகைக்கு ஒரு விகிதம். மார்ச் 24 அன்று புதிய நிர்வாகம் கூடுதல் தொகை அறிவித்தது. முதல் சுற்றில் 2020 ஏப்ரல் 16 முதல் மே 14 வரையிலான இருப்பைக் காட்டியவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று, மறுபடி விண்ணப்பம் இல்லாமலே. 600 பவுண்டுக்கு மேல் உள்ள ஃபீடருக்கு 25.50, ‘மற்ற மாடுகள்’ வகைக்கு 17.25. இப்போது பெருக்குங்கள்: 62-க்கு 1,581, 30 பசுவுக்கு 517.50. கூட்டினால் 2,098.50.

2,800 அதைவிட எளிது. இரண்டாம் சுற்றில் பணம் பெற்ற மக்காச்சோளம், சோயா, கோதுமை மாதிரியான பயிர்களுக்கு ஏக்கருக்கு 20 டாலர். 140 ஏக்கர், சரியா? பெரியவரைத் தைரியமாகச் செலவழிக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கைக்கு ஆதாரமான தாள்களை மட்டும் பத்திரமாக வைத்திருக்கட்டும், தணிக்கைக்குக் கேட்டால் காட்ட வேண்டும்.

கேட்டவர்: ஒரு பைசா பிசகவில்லை, நன்றிங்க! கொடுத்த பணத்துக்கு விவரச்சீட்டு ஒன்றும் சேர்த்து அனுப்பியிருக்கலாம். அப்புறம், இரண்டாம் சுற்றில் மாட்டுக்கு 3,410 மட்டும் வந்தது. பசுக்களை விட்டுவிட்டார்கள் என்று அவருக்கு இன்னும் வருத்தம்.

மறுமொழி 2: விட்டுப்போகவில்லை. அந்தச் சுற்றில் மாட்டுக்குத் தலா 55 டாலர், ஆனால் இனப்பெருக்கத்துக்கு வைத்திருப்பவை சேராது. 62-க்கு 3,410 சரிதான்.

மறுமொழி 3: வரியை மறந்துவிடாதீர்கள். இது வருமானம்தான், பண்ணை வருமானத்துக்கான வரிப் படிவமான ஷெட்யூல் எஃப்-இல் வேளாண் திட்டத் தொகை என்ற வரியில் காட்ட வேண்டும். அரசு கொடுத்த தொகையைக் காட்டும் 1099-ஜி படிவம் அடுத்த ஜனவரியில் வரும். வரவு அடிப்படையில் (பணம் கைக்கு வந்த வருடத்திலேயே எழுதும் முறை) கணக்கு வைப்பவர் என்றால் இந்த இரண்டும் 2021 கணக்கு, போன வருடத் தொகையோடு கலக்காதீர்கள்.

கேட்டவர்: வரவு அடிப்படைதான். தனிப் பக்கத்தில் எழுதிவிட்டேன். பெரியவர் இப்போதே வேலிக்கம்பி விலை விசாரிக்கப் போய்விட்டார்.