பிளாஸ்டீமாவுக்குத் ‘துளிரம்’: ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

உறுப்பு இழந்த இடத்தில் எழுந்து, அந்த உறுப்பைத் திரும்ப உருவாக்கும் செல்மேட்டை ஆங்கிலத்தில் பிளாஸ்டீமா (blastema) என்கிறார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் அதற்கு எந்தத் தமிழ்ச்சொல்லை வைக்கலாம் என்று கேட்டு இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். பிளாஸ்டீமா என்ற சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று பாதிப்பேர் சொல்லியிருக்கிறீர்கள். போன மாதம் வரை நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன்.

எங்கள் ஊர் நூலகத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆக்சலோட்டல் பற்றிப் பேசப் போயிருந்தேன். மெக்சிகோவின் சோச்சிமில்கோ நீர்நிலைகளில் வாழும் சாலமாண்டர் அது, பார்க்கப் பல்லி போலிருக்கும் நீர்நில வாழ்வி. கையை வெட்டினால் எலும்பு, தசை, நரம்பு, விரல் எல்லாவற்றோடும் புதுக்கை முளைக்கும். வெட்டுண்ட முனையில் கூம்பாகப் புடைத்து நிற்கும் பகுதியைப் படத்தில் காட்டியபோது, “அந்தக் கட்டிக்கு என்ன பேர் சார்?” என்று ஒரு பெண் கேட்டாள். பிளாஸ்டீமா என்றேன், எழுதிக்கொண்டாள். ஆனால் கடைசிவரை பிள்ளைகள் வாயில் அது கட்டியாகவே இருந்தது. “கட்டி வந்தா அது செத்துடாதா?” என்று ஒரு பையன் கவலையோடு கேட்டான். நம் வீடுகளில் கட்டி என்றால் புற்றுநோய்தானே. கை திரும்ப வரப்போகிறது என்பதற்கான முதல் அடையாளத்தை அந்தப் பிள்ளை சாவின் அடையாளமாக எடுத்துக்கொண்டான். நாம் ஒரு சொல் தராவிட்டால் மொழி தானே ஒன்றை எடுத்துக்கொள்கிறது. அது தவறான சொல்லாகவும் இருந்துவிடலாம்.

சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போம். கை வெட்டுண்டதும் ஏறக்குறைய ஒரு நாளுக்குள் மேல்தோல் செல்கள் நகர்ந்து வந்து காயத்தை மூடிவிடுகின்றன. அந்தத் தோலுக்கு அடியில், வெட்டுக்கு அருகிலிருக்கும் திசுக்களிலிருந்து செல்கள் வந்து சேர்ந்து, பெருகி, ஒரு சிறு மேடாக எழுகின்றன. நரம்பு அங்கே வந்து சேராவிட்டால் அந்த மேடு வளராது. இழந்த உறுப்பு அதிலிருந்துதான் உருவாகிறது.

இனி வந்த சொற்களுக்கு வருகிறேன்.

> குருத்தணுத் திரள் என்றால் எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தவறாகப் புரியும். குருத்தணு என்றால் பல வகைச் செல்களாக மாறக்கூடிய செல் (stem cell). நுண்ணோக்கியில் இந்தச் செல்கள் எல்லாம் ஒன்றுபோலவே தெரிவதால், எதுவாகவும் மாறக்கூடிய ஒரே வகைச் செல்கள் இவை என்று நெடுநாள் நினைத்தவர்கள் உண்டு. 2009இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் உயிரியலாளர் எல்லி தனாக்காவின் குழு அதைச் சோதித்தது. பச்சையாக ஒளிரும் மரபணு சேர்த்த ஆக்சலோட்டலிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு திசுவை மட்டும் எடுத்துச் சாதாரண விலங்கின் கையில் ஒட்டினார்கள். அந்தக் கையை வெட்டி, ஒளிரும் செல்கள் எங்கே போகின்றன என்று பார்த்தார்கள். தசையிலிருந்து வந்தவை தசைக்கே போயின. நரம்பைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்கள் ஷ்வான் செல்களாகவே ஆயின. உட்தோலின் செல்கள் மட்டும் குருத்தெலும்பாகவும் ஆயின, ஆனால் அவையும் தசையாகவில்லை. பார்வைக்கு ஒரே திரள், உள்ளே ஒவ்வொரு செல்லுக்கும் தான் வந்த இடம் நினைவிருக்கிறது. எனக்கு இந்த முழுத் துறையிலும் மிகப் பிடித்த ஆய்வு இது.

பிளனேரியா என்ற தட்டைப்புழுவில் கதையே வேறு. அதன் உடலெங்கும் உண்மையான குருத்தணுக்கள் பரவியிருக்கின்றன. கதிர்வீச்சால் அவற்றையெல்லாம் இழந்த புழுவுக்குள் அப்படிப்பட்ட ஒரே ஒரு செல்லை வைத்து அதைப் பிழைக்க வைக்க முடியும் என்று 2011இல் காட்டினார்கள். இரண்டு விலங்கிலும் காயத்தின் முனையில் எழுவதற்கு ஒரே பெயர்தான், பிளாஸ்டீமா. ஆகவே, செல்கள் எங்கிருந்து வந்தன, என்ன வகை என்பதை நம் சொல் முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது. நான் பிடிவாதமாக நிற்கும் இடம் இது ஒன்றுதான்.

‘கருக்கூழ்’ என்றும் ஒரு மடல் வந்தது. இதிலே ஒரு பழைய கதை ஒளிந்திருக்கிறது. 1839இல் ஜெர்மன் உயிரியலாளர் தியோடர் ஷ்வான், உயிர்களின் உடல் செல்களால் ஆனது என்ற கோட்பாட்டை எழுதியபோது, உருவமற்ற ஒரு நீர்மத்திலிருந்து உப்புப் படிகம் போலச் செல்கள் தோன்றுகின்றன என்று நினைத்தார். அந்த நீர்மத்துக்கு அவர் வைத்த பெயர் சைட்டோபிளாஸ்டீமா. செல்லிலிருந்துதான் செல் பிறக்கும் என்று 1850களில் ஜெர்மன் மருத்துவர் விர்ஷோ முதலியோர் வாதிட்டு அந்தக் கருத்தைத் தள்ளினார்கள். கூழ் என்றால் அந்தக் கைவிட்ட கோட்பாடு தமிழில் மறுபடி உயிர்பெறும். கரு என்பதும் பொருந்தவில்லை, ஆக்சலோட்டல் முட்டையை விட்டு வந்து பல ஆண்டு ஆனாலும் கை முளைக்கிறதே.

தஞ்சைப் பக்கத்து நண்பர் ‘மறுதாம்பு’ என்று எழுதியதைப் படித்ததும் மனம் துள்ளியது. வெட்டிய கரும்பின் கட்டையிலிருந்து மறுபடி வரும் பயிர். உழவர் வாயில் இன்றும் உயிரோடு இருக்கும் சொல். ஒரு நாள் முழுக்க இதையே வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். ஆனால் மறுதாம்பு என்பது வந்து நிற்கும் பயிர், நமக்கு வேண்டியது பயிர் வருமுன் எழும் முனை. தவிர, கரும்பின் கட்டையில் மொட்டு முன்பே கணுவில் உறங்கிக்கொண்டிருக்கிறது. ஆக்சலோட்டலின் கையில் அப்படிக் காத்திருக்கும் மொட்டு எதுவும் இல்லை, காயத்துக்குப் பிறகுதான் அது உண்டாகிறது. குருத்துக்கும் இதே தடை. வாழையிலும் தென்னையிலும் குருத்து உள்ளேயிருந்து எப்போதும் வந்துகொண்டே இருப்பது, வெட்டினால்தான் வரும் என்பதில்லை.

நான் முன்வைப்பது ‘துளிரம்’. இழை என்ற சொல் இழையம் (திசு) ஆனதுபோலத் துளிர் துளிரம் ஆகிறது. கவாத்து செய்த முருங்கையைப் பார்த்து “துளிர் விட்டிருக்கு” என்கிறோம். எந்தத் திசுவிலிருந்து வந்தது என்று அந்தச் சொல் கேட்பதில்லை, வெட்டுண்ட முனையில் உயிர் எழுந்துவிட்டது என்பதை மட்டும் சொல்கிறது. கிரேக்கத்தில் பிளாஸ்டீமா என்றாலும் முளை, துளிர் என்றுதான் பொருள். அதைப் பார்த்து நான் இதைத் தேர்ந்தெடுக்கவில்லை, முருங்கையைப் பார்த்துத்தான். பிறகு அகராதியைத் திறந்தபோது கிடைத்த மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

‘மீள்துளிரம்’ என்று முன்னொட்டுச் சேர்க்கலாமா என்று யாராவது கேட்பீர்கள். வேண்டாம். கருவில் சிறுநீரகம் முதன்முதலாக உருவாகும் செல்தொகுதிக்கும் பிளாஸ்டீமா என்ற பெயர் உண்டு. அங்கே மீள்வதற்கு எதுவும் இல்லை. சிறுநீரகத் துளிரம் என்றால் சரியாக நிற்கிறது.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். “மேக்ரோபேஜ் செல்களை (கிருமிகளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) நீக்கிவிட்டால் ஆக்சலோட்டலின் கை வளர்வதில்லை, துளிரம் எழ வேண்டிய இடத்தில் தழும்பு விழுகிறது.” இதை எழுதியதும் தழும்பு, துளிரம் இரண்டும் ஜோடிச் சொற்களாக நின்றன. நம் உடல் பெரும்பாலும் தழும்பு போடுகிறது, ஆக்சலோட்டல் துளிரம் போடுகிறது. “பல்லியின் வால்துளிரத்திலிருந்து வரும் புது வாலில் முள்ளெலும்புகள் இல்லை, குருத்தெலும்புக் குழாய்தான் இருக்கிறது.” இதுவும் இடறவில்லை. கைத்துளிரம், துளிரச் செல்கள் என்று புணர்ச்சியும் எளிதாக வருகிறது. யாழ்ப்பாண நண்பர்கள் துளிரக் கலங்கள் என்று எழுதலாம், செல்லா கலமா என்ற பழைய வழக்கை இதற்குள் இழுக்க வேண்டியதில்லை.

மேடு என்பது சொல்லில் தெரியவில்லையே என்று அம்மா ஒருவர் தனி மடலில் கேட்டிருந்தார். உண்மைதான் அம்மா. துளிர்மேடு என்றும் எழுதிப் பார்த்தேன். கைத்துளிர்மேட்டுச் செல்கள் என்று போனபோது மூச்சு வாங்கியது, விட்டுவிட்டேன். அதை வரையறை பார்த்துக்கொள்ளட்டும்.

நம் பட்டியலுக்கான பதிவை இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

துளிரம்: உறுப்பு இழந்த முனையில், காயத்தை மூடிய தோலுக்கு அடியில் செல்கள் கூடிப் பெருகுவதால் எழும் மேடு, இழந்த பகுதி இதிலிருந்து உருவாகும். கருவில் ஓர் உறுப்பு உருவாகும் தொடக்கச் செல்தொகுதியையும் குறிக்கும்.