மாட்டுக்காரர் பேரனுக்குப் பால் ஏன் சேரவில்லை?

பிறைக்காரன்:
என் தாத்தா மலேசியாவில், பினாங்கு ஜூருவில் மாட்டுக்கொட்டகை வைத்திருந்தவர். அப்பா சைக்கிளில் வீடு வீடாகப் பால் ஊற்றியவர். அந்தக் குடும்பத்தில் பிறந்த எனக்கு, நாற்பதைத் தாண்டியதும், இரவில் பெரிய கோப்பை நிறையப் பால் குடித்தால் வயிறு உப்பிப் பொருமுகிறது. தயிரும் மோரும் ஒன்றும் செய்வதில்லை. மாமாக் கடையில் ஆற்றித் தரும் பால் தேநீரான தே தாரிக்கும் அப்படியே. வேலையிடத்துச் சீன நண்பர், பாலைத் தொட்டதே இல்லை என்று சிரிக்கிறார். தலைமுறை தலைமுறையாகப் பால் குடித்த உடம்பு பழகியிருக்க வேண்டாமா? பரிணாமம் என்று என் மகள் சொல்வது இதைத்தானே?

ஆயர் ஈத்தாம் டீச்சர்:
தம்பி, தாத்தா மாடு வளர்த்ததால் பேரனின் மரபணு மாறாது. வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியும் பிள்ளைகளின் தலையிலிருந்து இந்த நினைப்பை இறக்க முடிந்ததில்லை.

பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். பாலூட்டிகளுக்குத் தாய்ப்பால் மறந்தபின் அது குறைந்துவிடும். உலகில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் அப்படித்தான். கடைசிவரை சுரப்பவர்களே விதிவிலக்கு. டி.என்.ஏ.வில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வந்தது அது. ஐரோப்பியரிடமும் வட இந்தியரிடமும் இருப்பது ஒரே மாற்றம். கிழக்கு ஆப்பிரிக்காவில் மாடு மேய்ப்பவர்களிடம் தனியாக வேறொன்று தோன்றியது. தற்செயலாக யாருக்கோ வாய்த்தது, கடந்த 10,000 ஆண்டுகளுக்குள் பரவியது. இந்தியாவில் வடமேற்கே அதிகம், தெற்கே வர வரக் குறைவு. நம் முன்னோர் எந்தப் பக்கத்திலிருந்து கப்பலேறினார்கள் என்று யோசியுங்கள்.

நிபோங் திபால் குமார்:
அப்படியானால் மாட்டை நம்பி வாழ்ந்தவர்கள் எப்படிச் சமாளித்தார்கள், அக்கா? தே தாரிக்கில் இருப்பதும் பால்தானே?

ஆயர் ஈத்தாம் டீச்சர்:
மங்கோலியரைப் பாருங்கள். குதிரை, மாடு, ஆடு எல்லாவற்றையும் கறக்கிறவர்கள். பெரும்பாலோருக்கு இந்த மாற்றம் இல்லை. பாலைப் புளிக்க வைத்துக் குடிக்கிறார்கள். நம் வீட்டில் உறை ஊற்றும்போதும் அதுதான் நடக்கிறது. லாக்டோஸில் ஒரு பங்கைப் பாக்டீரியா தின்றுவிடும். தே தாரிக்கில் ஊற்றும் டின் பாலில் லாக்டோஸ் உண்டு, ஆனால் ஒரு கிளாஸுக்கு ஊற்றுவது கொஞ்சம். நொதி குறைந்தவர்களிலும் பலர் 12 கிராம் வரை, அதாவது சுமார் ஒரு சிறு கோப்பைப் பாலைத் தாங்குவார்கள். சாப்பாட்டோடு குடித்தால் இன்னும் எளிது.

பிறைக்காரன்:
என் மனைவியும் நம் பக்கத்துத் தோட்டத்துப் பெண்தான். அவளுக்கு எவ்வளவு குடித்தாலும் ஒன்றும் ஆவதில்லையே?

ஆயர் ஈத்தாம் டீச்சர்:
பெற்றோரில் ஒருவரிடமிருந்து அந்த எழுத்து வந்தாலே போதும். அது இல்லாமலேயே தொல்லையின்றிக் குடிப்பவர்களும் உண்டு. உங்களுக்கு எடை குறைந்தாலோ மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, பரிணாமத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு வீட்டிலிருக்காமல் டாக்டரைப் பாருங்கள். மூச்சிலுள்ள ஹைட்ரஜனை அளந்தே பால் சேர்கிறதா என்று சோதிக்கலாம்.