புதுப்பிப்பு: குடல்வால் அறுவைக்குப் பின் மகளுக்கு நீடித்த வலி, காரணம் தெரிந்தது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. அறுவை முடிந்து 5 மாதமாகியும் என் 11 வயது மகளுக்குத் தழும்பருகே வலிக்கிறது, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று கேட்டிருந்தேன். "படுத்தபடி தலையைத் தூக்கச் சொல்லி, வலிக்கும் இடத்தை மருத்துவர் அழுத்திப் பார்க்கட்டும்" என்ற யோசனைதான் வழிகாட்டியது. இதைக் கார்னெட் சோதனை என்பார்கள். தசை இறுகியதும் வலி கூடியது. அதை வைத்துத்தான் கோளாறு குடலில் அல்ல, வயிற்றுச் சுவரின் நரம்பில் என்று தெரிந்தது. அவள் நடிக்கவில்லை! அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் மருந்தை ஊசியில் செலுத்தினார்கள். சில நிமிடங்களில் நிமிர்ந்து நடந்தாள். இரண்டு வாரத்தில் வலி திரும்பியது, இரண்டாவது ஊசிக்குப் பின் வரவில்லை.

எதிர்பாராதது ஒன்று: வலி போன பிறகும் ஓடுவதற்குப் பயந்தாள். அதற்கு இயன்முறைப் பயிற்சி (பிசியோதெரபி) ஒரு மாதம் தேவைப்பட்டது. இப்போது பள்ளிக்குச் சைக்கிளில் போகிறாள்.