கோல்ட் 1860 ஆர்மி: உருளையின் எண் மட்டும் மாறியிருந்தால் வாங்கலாமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படைத்துறை ரிவால்வர்களைச் சேகரிக்கத் தொடங்கி ஓராண்டே ஆகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்துக் கோல்ட் 1860 ஆர்மி ஒன்று விலைக்கு வந்துள்ளது. குழல், சட்டகம், விசைக்காப்பு, கைப்பிடியின் அடிப்பட்டை ஆகிய நான்கிலும் ஒரே வரிசை எண் இருக்க, சுழல் உருளையில் மட்டும் வேறு எண் உள்ளது; அதாவது அது வேறொரு ரிவால்வரிலிருந்து வந்திருக்கலாம். உலோகம் முழுவதும் பழுப்பேறியிருக்கிறது. அதே விலையில், எண்கள் அனைத்தும் பொருந்தி, முழுவதும் நீல மெருகுடன் பளபளக்கும் இன்னொன்றும் கிடைக்கிறது. எதை வாங்குவது?

மறுமொழி 1:
பளபளப்பதன் சட்டகத்தையும் சுத்தியலையும் (சுடும்போது அடிக்கும் உறுப்பு) முதலில் பாருங்கள். கோல்ட் ஆலையில் அவ்விரண்டுக்கும் நீல மெருகு இடுவதில்லை. மேற்பரப்பைக் கடினமாக்கும் முறையால் அவற்றில் சாம்பலும் பழுப்பும் நீலமும் கலந்த திட்டுகள் தோன்றும். அவையும் ஒரே நீலமாக இருந்தால், பிற்காலத்தில் யாரோ தேய்த்து மறுமெருகு ஏற்றியிருக்கிறார் என்று கொள்ளலாம். அப்படித் தேய்க்கும்போது விளிம்புகள் மழுங்கும், திருகுத் துளைகளின் ஓரம் குழியும், குழலின் மேலுள்ள ஆலை முகவரியின் எழுத்துகள் மங்கும், உருளையில் பொறித்த 1843ஆம் ஆண்டுக் கடற்போர்க் காட்சியும் கரையும். இழந்த உலோகத்தை எவராலும் திரும்பக் கொடுக்க முடியாது. ஒரே படைப்பிரிவின் ரிவால்வர்களை ஒன்றாகக் கழற்றித் துடைக்கும்போது உருளைகள் மாறிப்போவது எளிது என்பதால், எண் மாறிய உருளையை நான் அவ்வளவு பெரிய குறையாகக் கருதமாட்டேன்; விலையை மட்டும் அதற்கேற்பக் குறைத்துக் கேட்பேன்.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். எண் மாறியிருப்பதே இயல்பாக அமைந்த வகையும் உண்டு: 1873ஆம் ஆண்டு மாதிரிக் கோல்ட் ரிவால்வர்களின் ஏழரை அங்குலக் குழலை 1890களில் அமெரிக்க அரசு ஐந்தரை அங்குலமாகக் குறைத்தபோது உறுப்புகள் கலந்துவிட்டன, ஆகவே 'ஆர்டில்லரி' என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் அவ்வகையில் எல்லா எண்களும் பொருந்தியிருந்தால்தான் கூடுதலாக ஆராய வேண்டும். உங்கள் 1860இல் மரக் கைப்பிடியின் பக்கங்களைச் சாய்வான ஒளியில் பாருங்கள். படைத்துறை ஆய்வாளரின் முத்திரை மங்கலாகவேனும் தெரிந்தால், அந்த மரம் உப்புத்தாள் படாதது என்பதற்கு அதுவே நல்ல சான்று.

மறுமொழி 3:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இவ்வகை ரிவால்வர்களின் உருளை அறைகளில் பழைய வெடிமருந்தும் குண்டும் இன்றும் இருக்கக்கூடும். மெல்லிய மரக்குச்சியை விட்டு ஒவ்வோர் அறையின் ஆழத்தையும் அளந்து பார்க்கும்வரை அது நிரப்பப்பட்டதாகவே கருதுங்கள். வாங்கிய பின் தோலுறைக்குள் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பை அரிக்கும். பழம்பொருள் என்பதற்கான சட்ட வரையறை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், பணம் கொடுக்கும் முன் அதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இன்று இரண்டையும் மீண்டும் பார்த்தேன். பளபளப்பதன் சட்டகமும் சுத்தியலும் ஒரே நீலமாகத்தான் இருக்கின்றன. பழுப்பேறியதன் இடப்பக்கக் கைப்பிடியில் முத்திரையின் நீள்வட்ட விளிம்பு தெரிகிறது. அதற்கே விலை பேசியிருக்கிறேன்.